சக்கர் மீனும் எங்கள் வீட்டு அயிரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் மீன் தொட்டி வைப்பது பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் பளிச்சென்று நன்றாக இருந்தது, அதில் குறை சொல்ல வரவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், தொட்டி சுத்தமாக இருக்க அடியில் ஒரு சக்கர் மீனைப் போட்டுவிடுங்கள், கழிவையும் பாசியையும் அதுவே தின்றுவிடும் என்று ஒரு வரி வந்ததே, அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடமில்லை என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், சக்கர் மீனையும் நம் ஊர்க் குழம்பு மீனான அயிரையையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் மதுரை ஐயர் பங்களா பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப் போட்டால் 56 லிட்டர், மணலும் கல்லும் போட்டு வாய்வரை நிரப்பாமல் விட்டால் நிஜத்தில் 45 லிட்டர்தான் நிற்கும். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள், ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். அவர்களில் சிலர் தாங்களும் ஒரு தொட்டி வாங்கிவிட்டுச் சந்தேகம் கேட்க என்னிடமே திரும்பி வருவார்கள். முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "யக்கா, அடியில கிடக்கிற அழுக்கைத் திங்க எந்த மீனைப் போடலாம்?" நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டு ஏமாந்தவள்தான், அதனால் கோபம் வராது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தொட்டி வாங்கிய அன்றே கடைக்காரர் நாலு கோல்டு ஃபிஷ்ஷோடு ஒரு சக்கர் மீனையும் பையில் போட்டுக் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கறுப்பாக, உடம்பெல்லாம் புள்ளியும் நெளிவுமாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும், பார்க்கவே வேடிக்கையாக இருந்தது. "டேங்க் கிளீனர்மா, இதுக்குச் சாப்பாடே போட வேண்டாம், தானாப் பார்த்துக்கிடும்" என்றார். முதல் ஒரு மாதம் உண்மையிலேயே கண்ணாடிப் பாசியைச் சுரண்டித் தின்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், பிரிண்டரிலிருந்து பேப்பர் வருகிற மாதிரி அதன் வயிற்றுக்கடியிலிருந்து நூல் நூலாகக் கழிவு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மற்ற நாலு மீனும் சேர்ந்து போடுவதைவிட அது ஒன்றே அதிகம் போட்டது. மீன் கழிவைத் தின்று வாழ்கிற மீன் என்று ஒன்று கிடையாது, அதை எனக்குச் சொல்ல அப்போது ஆளில்லை.

எட்டாவது மாதம் அது ஒரு சாண் ஆகிவிட்டது. தொட்டியில் பாசி தீர்ந்துபோய், பசியில், ராத்திரி நேரத்தில் கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டு உடம்பின் மேலிருக்கிற வழவழப்பைச் சுரண்ட ஆரம்பித்தது. காலையில் கடையைத் திறந்தால் ஒரு மீனின் பக்கவாட்டில் செதில் உதிர்ந்து எட்டணா அகலத்துக்குச் சிவந்திருக்கும். நான் ஏதோ நோய் என்று நினைத்து நீல மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கணக்கு முடிக்க நேரமாகி, விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது செல்போன் வெளிச்சத்தைத் தொட்டியில் அடித்துப் பார்த்தேன், அப்போதுதான் திருடன் கையும் களவுமாக அகப்பட்டான்.

திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர், பெரிசானதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று கையை விரித்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர், "வண்டியூர் கண்மாயில விட்டுருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாளியில் பிடித்து வைத்துவிட்டு ஆட்டோவுக்குக்கூடச் சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேலூரிலிருந்து என் தம்பி வந்தான், வாளியை எட்டிப் பார்த்தவன், "இந்தச் சனியனையா கண்மாயில விடப் போற? எங்க ஊருக்கு வந்து பாரு" என்றான். அந்த மீனை அவன் வீட்டுச் சிமெண்டுத் தொட்டிக்கே கொண்டுபோய்விட்டான், இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது, முழங்கை நீளம் தாண்டிவிட்டது.

அந்த வருஷம் வைகாசியில் அவன் ஊர்ப் பக்கம் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா நடந்தது, போயிருந்தேன். வெள்ளைத் துண்டை வீசினார்களோ இல்லையோ, ஊத்தா என்கிற அடியில்லாத மீன்பிடிக் கூடையும் கச்சாவும் வலையுமாக ஊரே முழங்கால் சேற்றில் இறங்கியது. எல்லாருக்கும் கட்லா, ஜிலேபி, கெளுத்தி, அதிர்ஷ்டக்காரர்களுக்கு விரால். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் ஊத்தாவை அமுக்கிவிட்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினார், முகம் மலர்ந்தது, வெளியே எடுத்தால் சக்கர் மீன். முதுகு முழுக்கக் கவசம் போட்ட மாதிரி சொரசொரப்பு, விரித்த முதுகுத் துடுப்பு, கீழே உறிஞ்சுகிற வாய். "த்தூ" என்று கரையில் வீசினார். கரையில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து கிடந்தன. நாங்கள் டீ குடித்து, சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தபோது அதில் ரெண்டு இன்னும் வாயை அசைத்துக்கொண்டிருந்தது. வெயிலில், தரையில்! ஒரு வலைக்காரர் முள் கிழித்த வலையை எடுத்துக் காட்டி, இதை விட்டவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று சொன்னார், அதை நீங்கள் அச்சில் போட முடியாது.

இந்த மீனின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. தொட்டியிலிருந்து தப்பியதும் தூக்கிப் போட்டதும்தான் இப்போது காவிரி வரைக்கும் பரவிக் கிடக்கிறது, கல்கத்தா சதுப்பு நிலத்திலும் இதே கதைதான். முட்டை போடுவதற்குக் கரையில் கை நீளத்துக்கு வளை தோண்டும். மண் கரை வைத்த கண்மாய்களை நம்பிப் பிழைக்கிற ஊர் நம்முடையது, அந்தக் கரையைக் குடைகிற மீனை நாம் காசு கொடுத்து வாங்கி, பிறகு இரக்கப்பட்டு அதிலேயே விடுகிறோம். ஒன்றரை அடி வரை வளர்கிற மீனை ஓரடி அகலத் தொட்டியில் போடுவது எப்படி நியாயம்? அந்த மீனால் அதற்குள் திரும்பக்கூட முடியாது.

சரி, அப்படியானால் அடியில் எதைத்தான் விடுவது? நான் ஏழு வருஷமாகக் கற்றுக்கொண்டதில் முதல் பாடம், அடி மீனைக் கடைசியில் கொசுறு மாதிரி வாங்கக் கூடாது. நாம் செய்வது என்னவென்றால், மேலே நீந்துகிற அழகான மீனையெல்லாம் எண்ணிப் பார்த்துப் பேரம் பேசி வாங்கிவிட்டு, பை கட்டும்போது "அடிக்கு ஏதாவது ஒண்ணு போடுங்க" என்கிறோம். அதுவும் ஒரு உயிர், அதற்கும் கூட்டம் வேண்டும், சோறு வேண்டும், படுக்கத் தரை வேண்டும். தரை என்றேன் பாருங்கள், அதில்தான் நான் அடுத்த தப்பைச் செய்தேன்.

சக்கர் போன பிறகு கோரிடோரஸ் வாங்கினேன். கடையில் கோரி என்றே சொல்வார்கள், வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக இருக்கிற ஆல்பினோ கோரிதான் நம் ஊரில் அதிகம் கிடைக்கிறது. மீசை வைத்த குட்டிக் கெளுத்தி மாதிரி இருக்கும், சாது, இரண்டரை அங்குலத்துக்கு மேல் வளராது, யாரையும் கடிக்காது. நான் ரெண்டே ரெண்டு வாங்கினேன். தொட்டியின் தரையில் அப்போது நீலமும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிய உடைத்த கல் போட்டிருந்தேன். கோரி நாள் முழுக்க மூக்கைத் தரையில் புதைத்துப் புதைத்துத்தான் இரை தேடும், அந்தக் கல்லின் முனையில் உரசி உரசி மூன்று மாதத்தில் மீசை மொட்டையாகிவிட்டது. மீசை போனால் அதற்குக் கண்ணும் மூக்கும் போன மாதிரி. கல்லுக்கடியில் தங்குகிற சாப்பாடும் அழுகி அந்தப் புண்ணில் படும். ரெண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. பின்னால்தான் தெரிந்தது, கோரி ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக இருந்தால்தான் தைரியமாக வெளியே திரியும், ரெண்டு மட்டும் இருந்தால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்.

தரைக்கு மணல்தான் சரி. ஆனால் வீடு கட்டுகிற இடத்தில் கிடக்கிறதே என்று எம்-சாண்டை அள்ளிவந்து போடாதீர்கள், அது பாறையை உடைத்துச் செய்தது, ஒவ்வொரு மணியும் முனை முனையாக இருக்கும். பழைய ஆற்று மணல் யார் வீட்டிலாவது ஒரு சட்டி இருந்தால் கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் உருண்டு உருண்டு மழுங்கிய மணல் அது. சல்லடையில் சலித்து, கலங்கல் போகிற வரைக்கும் அலச வேண்டும், நான் பதினாலு தடவை அலசினேன். இரண்டு அங்குலம் போதும், அதற்கு மேல் போட்டால் அடி மணல் காற்றில்லாமல் கறுத்து நாற்றமெடுக்கும்.

அடுத்தது வெயில். இது மதுரைக்காரர்கள் மட்டும் படுகிற பாடு. வெளிநாட்டுக்காரர்கள் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் வாங்குகிறார்கள், நமக்குச் சித்திரையில் ஏசி இல்லாத கடைக்குள் தொட்டித் தண்ணீரே 32, 33 டிகிரி காட்டுகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறையும், அதுவும் அடியில் மிஞ்சிய இரை அழுகும்போது அங்கேயிருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். முதலில் தவிப்பது அடி மீன்தான். கோரியிலேயே பாண்டா கோரி, பெப்பர்டு கோரி ரெண்டும் குளிர்ந்த தண்ணீர்க்காரர்கள், அவற்றை ஆசைப்பட்டு இங்கே வாங்காதீர்கள், சொன்னால் கேளுங்கள். ஸ்டெர்பாய் என்று ஒரு வகை இருக்கிறது, விலை கூட, ஆனால் 28 டிகிரியைத் தாங்கும். சாதாரண வெண்கல நிறக் கோரியும் ஓரளவு சமாளிக்கும். நான் கோடையில் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, டேபிள் ஃபேன் காற்று தண்ணீர் மேல் படுகிற மாதிரி வைக்கிறேன், தண்ணீர் ஆவியாகிறபோது ரெண்டு டிகிரியாவது இறங்கும். குறைகிற தண்ணீருக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஆவியானது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். எங்கள் தெருப் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கிற உப்பின் அளவு, ஏற்கெனவே 1,100. அதனால் குறைகிற அளவை மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றுகிறேன்.

கடையில் சொல்கிற பெயர்களை நம்பி மயங்காதீர்கள் என்று இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஷார்க் என்று மூணு அங்குலத்தில் விற்கிற வெள்ளி நிற மீன் இருக்கிறதே, அது பங்கேசியஸ், ஒரு மீட்டருக்கு மேல் வளரும், ஹோட்டலில் பாஸா என்று முள்ளில்லாத துண்டாகத் தட்டில் வருவது பெரும்பாலும் இதுதான். ரெட் டெயில் ஷார்க் அழகுதான், ஆனால் அடித்தளம் முழுவதும் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொள்ளும், வேறெந்த அடி மீனையும் நிம்மதியாக இருக்க விடாது. மஞ்சளாக கோல்டன் ஆல்கே ஈட்டர் என்று கொடுப்பார்கள், குட்டியில் பாசி தின்னும், வளர்ந்தால் சக்கர் செய்த அதே வேலையை அதைவிட வேகமாகச் செய்யும். டயர் ட்ராக் ஈல் என்று எடுத்துக் காட்டினார் ஒருவர், உற்றுப் பார்த்தால் நம் ஊர் ஆரல்! ரெண்டடி வளர்கிற மீன், ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பி மாதிரிக் குட்டி மீனெல்லாம் காணாமல் போகும், மூடியில் விரல் இடுக்கு இருந்தால் அதுவும் காணாமல் போகும். பையன்கள் வாய்க்காலில் பிடித்துவருகிற கெளுத்தியும் உளுவையும் இதே ரகம். உளுவை கல் மாதிரி அசையாமல் கிடக்கும், பக்கத்தில் வந்த குட்டி மீன் எங்கே போனது என்று நமக்கே தெரியாது.

பாசிதான் பிரச்சினை என்றால் முதலில் தொட்டியை ஜன்னல் வெயிலிலிருந்து நகர்த்துங்கள், விளக்கை எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். எனக்குப் பாதிப் பாசி அதிலேயே போய்விட்டது. அப்புறமும் பாசி தின்ன ஒரு மீன் வேண்டும்தான் என்றால் பிரிஸில் நோஸ் கேட்டு வாங்குங்கள். சக்கருக்குப் பங்காளிதான், ஆனால் அஞ்சு அங்குலத்தோடு நின்றுவிடும், ஆணுக்கு மூக்கு மேல் கிளை கிளையாக மீசை முளைக்கும். ஒரு மரக்கட்டை, வாரம் ரெண்டு நாள் ஒரு துண்டு வெள்ளரியோ வேகவைத்த சுரைக்காயோ, அவ்வளவுதான் கேட்கும். குட்டியில் சக்கரையும் இதையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த கடையில் வாங்குங்கள்.

இப்போது அயிரைக்கு வருகிறேன். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எங்கள் அத்தை, அதாவது மாமியார். கார்த்திகை மார்கழியில் கண்மாய்களில் புதுத்தண்ணீர் நின்றுவிட்டால் அவருக்குக் கரிமேட்டுக்குப் போகாமல் தூக்கம் வராது. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்றாலும் கால் கிலோவாவது வாங்கி, உயிரோடு தூக்குவாளியில் கொண்டுவருவார். வந்ததும் பாலில் விடுவார், வயிற்றிலிருக்கிற மண்ணையெல்லாம் கக்கிவிடும், அப்புறம் மண்சட்டியில் கல் உப்பைப் போட்டு உரசுவார். ஒரு நாள் பால் ஊற்றுவதற்கு முன்னால் நான் வாளியை எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் மணல் தங்கியிருந்தது. அதற்குள் ஒரு மீன் உடம்பு முழுக்கப் புதைந்துகொண்டு ரெண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்து என்னைப் பார்த்தது. கோரி செய்ய வேண்டிய வேலையை, கல்லில் மீசையைத் தொலைக்காமல், சொந்த ஊர்த் தண்ணீரில் செய்கிற மீன் சமையல்கட்டில் இருக்கிறது, நான் சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலிருந்து வருகிற பாலித்தீன் பைக்காகக் காத்திருக்கிறேன்!

"அத்தை, இதுல எட்டு மட்டும் எனக்குக் குடுங்க" என்றேன். "ஏம்மா, குழம்பு மீனைப் போய்க் கண்ணாடிக்குள்ள வச்சுப் பார்த்துக்கிட்டு உட்காரப் போறியா?" என்று சிரித்தார். ஆனால் கொடுத்தார், அதுவும் நல்ல துடிப்பானதாகப் பொறுக்கிக் கொடுத்தார். பிறகு நானே கரிமேட்டில் கேட்டபோது மீன்காரம்மா, "எட்டு அயிரையை எந்தத் தராசுல போட்டு நிறுக்கிறது, சும்மா கொண்டு போ" என்று ஒரு கை தண்ணீரோடு அள்ளிப் பையில் விட்டார்.

அயிரைக்கு அறிவியல் பெயர் லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். வாயில் நுழையாது, ஆனால் அந்தத் தெர்மாலிஸ் என்ற பாதியைக் கவனியுங்கள், வெப்பம் என்று பொருள்படும் சொல். 1846-ல் வலன்சியென் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த மீனுக்குப் பெயர் வைத்தபோது இலங்கையில் ஒரு வெந்நீர் ஊற்றுப் பக்கம் கிடைத்த மீனை வைத்துத்தான் வைத்தார். மதுரைச் சித்திரைக்கு இதைவிட நல்ல சிபாரிசுக் கடிதம் எந்த மீனிடமும் இல்லை. வளர்ந்தாலும் மூணு அங்குலத்துக்குள்தான். பழுப்பு உடம்பில் விலா நெடுகப் பொட்டு வைத்த மாதிரி திட்டுத் திட்டாக இருக்கும். பகலில் மணலுக்குள் கிடக்கும், வாயால் மணலை அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து விடும், அந்தச் சின்னப் புகை மாதிரி எழும்புகிற மணலைப் பார்த்துக்கொண்டே நான் கலர் ஜெராக்ஸை ரெண்டு தடவை தப்பாக எடுத்திருக்கிறேன். தண்ணீரில் காற்றுக் குறைந்தால் விருட்டென்று மேலே போய் ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளும்.

சந்தையில் வாங்குவதில் சில சங்கதி இருக்கிறது. தேக்சாவில் ஒன்றன்மேல் ஒன்றாக நெரிசலில் கிடந்து வந்திருக்கும், அதனால் மேலே மிதப்பதை விட்டுவிட்டு அடியில் நெளிகிறதைக் கேளுங்கள். கண்ணுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் இருக்கிறது, வலையால் அள்ளினால் மாட்டிக்கொண்டு கிழியும், டம்ளரால் அள்ளுங்கள். நேரே தொட்டியில் விடாமல் மணல் போட்ட ஒரு வாளியில் காற்றுக் குழாயோடு ரெண்டு வாரம் வைத்துப் பாருங்கள், சந்தை நோய் எதுவும் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பாலில் விட வேண்டாம், ஒரு தம்பி உண்மையாகவே கேட்டார்.

உப்பும் வேண்டாம். நம் ஊரில் மீனுக்கு எது வந்தாலும், வெள்ளைப் புள்ளி வந்தாலும் வால் அழுகினாலும், ஒரு கை கல் உப்பைப் போடச் சொல்வார்கள். கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துக்கொள்ளும். அயிரைக்குச் செதில் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, கோரிக்குச் செதிலே கிடையாது, உப்பும் செம்பு கலந்த மருந்தும் ரெண்டுக்கும் சுருக்கென்று ஏறும். கல் உப்பில் அயிரை என்ன பாடுபடும் என்று எந்த மதுரை வீட்டு அடுப்படியிலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் தொட்டியில் நான் ரெண்டு அயிரையை அநியாயமாகப் பறிகொடுத்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மழை நாள் மூடியைச் சரியாக வைக்காமல் போனேன், மறுநாள் டோனர் டப்பாவுக்குப் பின்னால் ஒரு அயிரை காய்ந்து கிடந்தது. குதிக்கிற மீன் என்று தெரிந்தும் விட்டது என் தப்பு. இன்னொன்று ஃபில்டர் இழுக்கிற வாயில் மாட்டிச் செத்தது. அதே வழியாக இன்னொன்றும் உள்ளே போயிருக்கிறது, ஆனால் அது பதினோரு நாள் கழித்து ஃபில்டர் டப்பாவைக் கழுவத் திறந்தபோது உள்ளே அழுக்கைத் தின்று கொழுத்து உட்கார்ந்திருந்தது. இப்போது அந்த வாயில் ஒரு ஸ்பாஞ்சைச் சொருகி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். அந்த ஸ்பாஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் கசக்கினால் அம்மோனியாவைத் தின்கிற நல்ல பாக்டீரியா எல்லாம் போய்விடும்.

சோறு போட மறக்காதீர்கள். மேல் மீன்கள் மிச்சம் வைக்கும் என்று நம்பினால் அடி மீன் பட்டினிதான். மூழ்குகிற குருணைத் தீவனம் தனியாகக் கிடைக்கிறது, கடையை மூடி விளக்கை அணைத்த பிறகு நாலஞ்சு குருணை போடுகிறேன், அயிரை அப்போதுதான் சுறுசுறுப்பாகும். அழுக்கை எடுப்பது என் வேலை. வாரம் ஒரு நாள் குழாயை அடியில் வைத்து உறிஞ்சி கால்வாசித் தண்ணீரை மாற்றுகிறேன், அரை மணி நேரம் ஆகும். அந்தத் தண்ணீர் கருவேப்பிலைச் செடிக்குப் போகிறது, செடி அமோகமாக இருக்கிறது.

யாரோடு யாரை வைப்பது என்று கேட்டால், போர் தண்ணீர்க்காரர்களுக்குக் கப்பி, மோலி, பிளாட்டி மேலே, எட்டு அயிரை கீழே. ரெண்டடித் தொட்டிக்கு அது போதும். சின்ன கவுராமி ஜோடி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். ஏஞ்சல் வளர்ந்தால் சின்ன அயிரையைக் கொத்தும், வேண்டாம். கோல்டு ஃபிஷ் வைத்திருக்கிறவர்களுக்கு அடி மீனே தேவையில்லை, அதுவே நாள் முழுக்கத் தரையைக் கிண்டுகிற மீன்தான். ஆஸ்கர், ஃபிளவர் ஹார்ன் வைத்திருக்கிறவர்கள் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டியதில்லை, அங்கே எதைப் போட்டாலும் இரைதான், கோரியைப் போட்டாலோ அது துடுப்பு முள்ளை விறைத்துக்கொண்டு தொண்டையில் மாட்டி ரெண்டும் சாகும். நாலடித் தொட்டி வைக்க வசதியிருப்பவர்கள் யோ-யோ லோச் அஞ்சாறு வாங்கலாம், கங்கைப் பக்கத்து மீன், நத்தையை ஒழித்துக்கட்டும், நீள வால் மீனை மட்டும் அதோடு வைக்காதீர்கள். ஜீப்ரா லோச்சும் அழகுதான், ஆனால் மகாராஷ்டிரா, கர்நாடகப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டும் இருக்கிற மீன், அருகிவரும் பட்டியலில் இருக்கிறது, ஓடையில் பிடித்ததை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆசிரியரிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த தடவை தொட்டிப் பக்கம் போடும்போது அந்தக் குட்டி சக்கர் மீன் படத்துக்குப் பதிலாக வளர்ந்த சக்கர் மீன் ஒன்றைப் பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வைத்துப் போடுங்கள். படம் இல்லையென்றால் சொல்லுங்கள், மேலூர் தொட்டியில் இருக்கிறவன் படம் என் போனில் இருக்கிறது. கடைக்கு வந்தால் நானே பிரிண்ட் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
ஐயர் பங்களா, மதுரை.